குறிகட்டுவானுக்கு அப்பால் ஒரு மணி நேரம்

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்கப் பேருந்தில் மேற்கே போகிறவர் இரண்டு தீவுகளைத் தொட்டுவிடுகிறார். ஆனால் தீவுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு எழுவதில்லை. கோட்டையை ஒட்டிய பண்ணைப் பாலம் பரவைக்கடலின் மேலாக வேலணைப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. வேலணையைக் கடந்ததும் இன்னொரு நீண்ட தாம்போதி. இருபுறமும் ஆழமில்லாத தண்ணீர், களங்கட்டி வலைகளின் கம்புகள், நாரைகள். அதையும் தாண்டினால் புங்குடுதீவு. அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான். தார்வீதி அங்கே இறங்குதுறையோடு முடிகிறது. ஒரு காலத்தில் புங்குடுதீவுக்காரரும் தோணியில்தான் வேலணைக்குப் போய்வந்தார்கள். கல்லும் மண்ணும் கொட்டி வீதி போட்ட பிறகு அந்தக் கடல்துண்டு வீதிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. தாம்போதியின் ஓரம் அரித்தால் திருத்துவது யார் பொறுப்பு, செலவு யார் தலையில் என்று இன்று எவரும் விவாதிப்பதில்லை. குறிகட்டுவானுக்கு அப்பால் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அங்கிருந்து போகும் நெடுந்தீவுப் படகு ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று கேட்கிறவர் கடலையும் காற்றையும் பார்க்கும் முன் இந்த விவாதத்தைப் பார்க்க வேண்டும்.

குறிகட்டுவான் துறையில் இரண்டு விதமான பயணிகள் கலந்து நிற்கிறார்கள். பெரும்பான்மையோர் நயினாதீவுக்குப் போகிறவர்கள். நாகபூஷணி அம்மன் கோவிலுக்கும் நாகதீப விகாரைக்கும் ஆண்டு முழுவதும் ஆள் வருவதால் அந்தக் கால்மணி நேரக் கடலில் தனியார் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டேயிருக்கும். ஒன்று தவறினால் அடுத்தது. மற்றவர்கள் நெடுந்தீவுக்காரர்கள். அவர்களை மூட்டைகளை வைத்தே அடையாளம் காணலாம். சீமெந்துப் பொதி, எரிவாயு உருளை, மரக்கறிச் சாக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் புத்தகக் கட்டு, கயிறு கட்டிப் படகின் மேல்தட்டுக்குத் தூக்கும் மோட்டார் சைக்கிள். துறையில் இடமில்லாதபோது படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். ஒரு படகின் விளிம்பை மிதித்து அடுத்ததற்குத் தாவ வேண்டும். கைக்குழந்தைக்காரியும் வயோதிபரும் அந்த இரண்டு விளிம்புகளுக்கிடையே ஏறி இறங்கும் நீரைப் பார்த்துக்கொண்டு காலெடுத்து வைக்கிற அந்த நொடிக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் இடமிருப்பதில்லை. உள்ளே பலகை இருக்கை, டீசல் நெடி, இயந்திரத்தின் இரைச்சல். வெளியே ஒரு மணி நேரத் திறந்த கடல். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. படகும் ஏறக்குறைய அந்தத் திசையை நோக்கியே போகிறது. நயினாதீவுப் படகு தீவுகளின் மறைவில் ஓடுகிறது. நெடுந்தீவுப் படகுக்கு அந்த மறைவு பாதி வழி வரைக்கும்தான்.

நெடுந்தீவு சின்னத் தீவு என்பதும் ஒப்பீட்டளவில்தான். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள தீவுகளில் படகில்லாமல் போக முடியாதவற்றுள் இதுவே பெரியது. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள், பெருக்கு மரம், இடிந்த கோட்டை என்று பயணக் குறிப்புகள் பாடும் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, அங்கே வாழ்கிற ஏறத்தாழ நாலாயிரம் பேருக்குக் கடல் வழியாக வராதது எது என்ற கேள்வி. மீனும் பாலும் பனம்பண்டமும் தீவிலேயே உண்டு. அரிசி, மா, மருந்து, ஆசிரியர், கட்டடப் பொருள் எல்லாம் படகில் வர வேண்டும். விளக்கு எரிவதற்கான டீசலும் கடலைத் தாண்டியே வருகிறது. தேசிய மின்கம்பி அங்கே போகாததால் மின்சார சபையின் டீசல் இயந்திரங்களே தீவுக்கு வெளிச்சம் தந்துவந்தன. வைத்தியசாலை உண்டு, ஆனால் சிக்கலான பிரசவமோ மாரடைப்போ வந்தால் யாழ்ப்பாணம் போயாக வேண்டும். அப்படிப்பட்ட வேளைகளில் கடற்படையின் விரைவுப் படகு கைகொடுப்பதுண்டு. அவசரத்துக்கு அது சரி. புதன்கிழமை தவணைக்கு வரச்சொன்ன நீரிழிவு நோயாளிக்குக் கடற்படை வராது. அவருக்கு வேண்டியது காலையில் போய் மாலையில் திரும்ப ஒரு படகு.

அந்தப் படகின் பெயர் தலைமுறைகளாகக் குமுதினி. 1985 மே 15 அன்று நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்துக் குறைந்தது 23 பேரைக் கொன்ற கொடுமைக்குப் பிறகும், அதே படகுதான் திரும்பவும் ஓடியது. மக்கள் அதில்தான் ஏறினார்கள், வேறு வழியில்லை. பின்னர் வடதாரகை வந்தது. இவ்விரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருப்பவை. 2017 ஜனவரியில் மூன்றாவதாக நெடுந்தாரகை வந்தது. உலக வங்கியும் ஆஸ்திரேலிய அரசும் பங்களித்த உள்ளூராட்சி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், பதினைந்து கோடி ரூபாய் அளவிலான செலவில், கொழும்பு டொக்யார்ட் கட்டிய 80 பேர் அமரும் கப்பல் அது. கையளிக்கப்பட்டது நெடுந்தீவு பிரதேச சபையிடம். நோக்கத்தில் குறையில்லை, கப்பலும் முந்தைய படகுகளைவிட வசதியானது. ஆனால் அது பழுதாகிக் கட்டிக் கிடக்கிறது என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாலாயிரம் பேரிடம் வரி வசூலிக்கிற ஒரு சபைக்கு, குப்பை அள்ளவும் கிணறு இறைக்கவும் விளக்குப் போடவுமே நிதி போதாத சபைக்கு, ஒரு கப்பல் பரிசாக வந்தது. ஓட்டும் செலவு பரிசில் சேரவில்லை.

படகு ஒன்றை ஓட்டுவது என்றால் என்ன என்று சற்று விரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உப்பு நீரில் கிடக்கும் எந்தப் படகின் அடிப்பாகத்திலும் பாசியும் கொட்டலசும் பிடிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது கரையேற்றிச் சுரண்டி, வர்ணம் பூசி, புரொப்பெல்லர் தண்டின் பொருத்துகளையும் கசிவுகளையும் பார்த்து, இயந்திரத்தைப் பிரித்து மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் இன்னொரு படகு ஓட வேண்டும். ஆகவே ஒரு படகால் நடக்கும் சேவை என்று ஒன்று கிடையாது. இரண்டு இருந்தால்தான் ஒன்று எப்போதும் ஓடும். அடுத்தது, எங்கே கரையேற்றுவது என்பது. குறிகட்டுவானிலிருந்து அதிகத் தூரமில்லாத காரைநகரில், நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் படகுத்தளம் ஒரு காலத்தில் வடக்கு முழுவதற்கும் படகு கட்டிக்கொடுத்தது. போர் அதை அழித்தது. அதை மீண்டும் இயக்கும் பேச்சு எழுந்தும் அடங்கியும் வருகிறது. நெடுந்தீவுக்கு இன்னொரு கப்பல் கேட்டு மனுக் கொடுக்கிறவர்கள் அதற்குப் பதிலாகக் காரைநகரில் கரையேற்றுத் தளத்தைக் கேட்டால், பயன் அதிகம் என்பேன். பக்கத்தில் தளம் இருந்தால் கொழும்புக்கோ திருகோணமலைக்கோ கொண்டுபோகத் தேவையில்லை. மாதக்கணக்கில் நிற்கிற பழுது வாரக்கணக்கில் முடியும். எரிபொருள் மூன்றாவது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். ஆறே மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு ஏறுகிற செலவைத் தாங்குகிற உண்டியல் ஒரு பிரதேச சபையிடம் எங்கே இருக்கும்?

நெடுந்தாரகை சேவைக்கு வந்த அதே 2017 ஜனவரியில், பாக்கு நீரிணைக்கு அப்பால் கேரளத்தில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஆதித்யா என்ற படகு ஓடத் தொடங்கியது. அதுவும் 75 பேர் அமரும் சின்னப் படகுதான். இந்தியாவின் முதல் சூரிய மின்சாரப் பயணிப் படகு என்பது அதன் புகழ். பத்திரிகைகள் சூரியத் தகட்டைப் படம் பிடித்தன. ஆனால் படத்தில் விழாத ஒன்று இருந்தது: ஆதித்யாவை ஓட்டுவது படகு ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அரசுத் துறை. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்கு ஆலப்புழையில் பழுதுபார்க்கும் தளம் உண்டு, பயிற்சி பெற்ற பணியாளர் உண்டு, ஒரு படகு நின்றால் அதன் இடத்தில் விட வேறு படகுகள் உண்டு. இரண்டரை கிலோமீட்டர் அமைதியான காயலையும் சோளகக் கடலையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்பிடுவது நீரை வைத்து இல்லை, பின்னால் நிற்கிற நிறுவனத்தை வைத்து.

பணக்கார நாட்டிலும் கப்பல் மட்டும் போதாது என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல சாட்சி. அரான் தீவுக்காகவும் இன்னொரு தடத்துக்காகவும் 2015இல் இரண்டு கப்பல்கள் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தமாயின. முதலாவதான கிளென் சானக்ஸ் 2017 நவம்பரில் நீரில் இறக்கப்பட்டது. முதல் பயணியை ஏற்றியது 2025 ஜனவரியில். இரண்டுக்குமான செலவு நான்கு மடங்கைத் தாண்டியது, கட்டிய தளத்தை அரசே எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதைவிடப் பாடம் தருவது இது: கப்பல் வந்தபோது, தலைமுறைகளாக அரானுக்குப் படகு புறப்படும் ஆர்ட்ரொசன் துறை அதற்குப் போதவில்லை. ஆகவே தூரமான ட்ரூனிலிருந்து ஓட்டுகிறார்கள். சூழலுக்கு உகந்தது என்று திரவ இயற்கை வாயு இயந்திரம் வைத்தார்கள். அந்த வாயுவோ இங்கிலாந்தின் தென்கிழக்கிலிருந்து லொறியில் வருகிறது. துறை, எரிபொருள், கப்பல் மூன்றையும் தனித்தனியாக யோசித்ததன் விளைவு. நெடுந்தீவிலும் பாக்கு நீரிணையின் ஆழமின்மை, துறையின் படிக்கட்டு உயரம், படகின் மிதவை ஆழம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் அடுத்த கப்பலுக்கு அடிக்கல் நாட்டினால் இதே கதைதான்.

நாலாயிரம் பேருக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கொடியவர்கள் இல்லை. கையிருப்புக் குறைந்த நாட்டில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே கணக்கை வீதிகளுக்கு யாரும் போடுவதில்லை. புங்குடுதீவுத் தாம்போதியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகிறார்கள், தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் பார்த்துத்தான் அதைப் பராமரிக்கிறார்களா? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கயிற்றின் துணையோடு நகர்ந்த காலம் தொட்டு ஓடுகிற பாதைப்படகில் கட்டணம் கிடையாது. அது வீதியின் தொடர்ச்சியாகவே நடத்தப்படுகிறது. அந்தச் சிறிய நீர்ப்பரப்புக்குச் செல்லுபடியாகிற நியாயம் நீளமான நீர்ப்பரப்புக்குச் செல்லாது என்பதற்குத் தூரம் தவிர வேறு காரணமில்லை. மேலும், தீவில் ஆள் குறைவு என்பதையே படகு குறைவுக்குக் காரணமாகக் காட்டுவது வட்டத்தில் சுற்றுவது. போரில் சிதறியவர்கள் திரும்பாததற்குக் காரணங்கள் பல. பிள்ளையின் உயர்தர வகுப்பு, தாயின் மருந்து, பால் கெடாமல் சந்தைக்குப் போகும் நேரம் மூன்றும் படகோடு கட்டப்பட்டவை. கட்டணத்தை மட்டும் நம்பிப் படகு ஓடாது என்பதற்கு நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பலைப் பாருங்கள். 2023 அக்டோபரில் கொடியசைத்துத் தொடங்கி சில நாள்களிலேயே பருவமழையோடு நின்றது. 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, நாகபட்டினத் துறைமுகச் செலவுக்காக மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் இந்திய அரசு தருவதாக ஏற்றிருந்தது. இரண்டு அரசுகள் கைகோத்த தடத்துக்கே நடப்புச் செலவுக்கு ஆதரவு தேவைப்பட்டது.

தனியாரிடம் விட்டால் என்ன, நயினாதீவில் நடக்கவில்லையா என்பது அடுத்த வாதம். நடக்கிறது, அங்கே பக்தர்கள் கட்டணத்தைச் சுமக்கிறார்கள். நெடுந்தீவிலும் தனியார் படகுகள் ஓடுகின்றன, அரசுப் படகு நின்ற நாள்களில் அவர்களே மக்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அவர்களை விரட்டுவது மடத்தனம். ஆனால் ஆள் சேர்ந்தால் புறப்படுவது அவர்களுடைய தொழில் நியாயம். ஆறு பேர் நிற்கிற மழைநாள் மாலையில் புறப்படுவது நட்டம். அந்த நட்டத்தை அரசு ஒப்பந்தமாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்: இன்ன நேரத்துக்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போ, குறைவதை நாங்கள் தருகிறோம், உயிர்காப்பு அங்கிகளும் இயந்திரச் சோதனையும் எங்கள் அளவுகோலின்படி இருக்க வேண்டும் என்று. அப்படிச் செய்தால் இரண்டாவது படகுக்கான தேவையில் ஒரு பகுதி தீவுக்காரர்களின் கையிலேயே, வேலைவாய்ப்பாக, இருக்கும். பாலம் போட்டுவிடலாமே என்பாரும் உண்டு. ஒரு மணி நேரக் கடலுக்குப் பாலம் என்பது தேர்தல் மேடைக்கு மட்டும் ஆகும்.

சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. வெளியாளுக்குக் கூடிய கட்டணமும் தீவுக்காரருக்குச் சலுகையும் வைப்பதில் தவறில்லை. மறுபாதியைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 2008 முதல் படிப்படியாக, அதே தூரத்தை வீதியில் ஓட்டினால் ஆகும் செலவுக்கு ஈடாகப் படகுக் கட்டணத்தைக் குறைத்தார்கள். தீவுகளுக்கு நல்லதுதான். ஆனால் கோடைக்காலத்தில் வெளியூர்க் கார்கள் படகுத் தட்டை நிறைக்க, வைத்தியரைப் பார்க்கப் போகும் தீவுக்காரருக்கு இடமில்லாமல் போனது பெரிய மனக்குறை ஆயிற்று. நெடுந்தீவில் அமைதியான கடலும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும் மாதங்களில் குதிரை பார்க்க வருவோர் எண்ணிக்கை கூடும். அதே காலையில் திரும்பும் படகில் இடத்துக்கு அடிபிடி என்றால் சுற்றுலா தந்த காசால் தீவுக்கு என்ன லாபம்? இருக்கைகளில் ஒரு பங்கைப் புறப்படும் கடைசி நிமிடம் வரை தீவுக்காரருக்கென்று ஒதுக்கி வைப்பது, அந்தக் கட்டணப் பணத்தைப் பொது வரவில் கரைக்காமல் பராமரிப்புக் கணக்கில் தனியாகப் போடுவது, இரண்டும் இல்லாமல் சுற்றுலாவை நம்பக் கூடாது.

இப்போது பசுமைப் பேச்சுக்கு வருகிறேன். 2024 மார்ச்சில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக இந்திய நன்கொடையில் ஒரு கலப்பு மின்திட்டத்துக்கு ஒப்பந்தமானது: 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி சேமிக்கும் மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். தீவிலேயே மின்சாரம் விளைகிறது என்றால் படகையும் மின்சாரத்தில் ஓட்டலாமே என்று தோன்றுவது இயல்பு. டென்மார்க்கின் அய்ரோ தீவில் எல்லன் என்ற கப்பல் 2019 முதல் முழு மின்சாரத்தில் ஓடுகிறது. ஆனால் எல்லனின் மின்கலம் மட்டும் 4,300 கிலோவாட் மணி. நம் மூன்று தீவுகளின் சேமிப்பு முழுவதையும்விட ஏறக்குறைய இரட்டிப்பு. நெடுந்தீவுக்கு அவ்வளவு பெரிய கப்பல் தேவையில்லை என்பதும் உண்மை. எண்பது பேர் படகுக்கு நூற்றைம்பது கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு போய்வரவுக்கு முந்நூறு கிலோவாட் மணி, நாளுக்கு இரண்டு முறை என்றால் அறுநூறு. மூன்று தீவுகளின் சேமிப்பில் கால்வாசி. எதிர்காற்று நாளில் இதற்கும் மேலே. நடுவழியில் மின்கலம் தீர்ந்த படகைச் சோளகத்தில் யார் போய் இழுப்பது? இடைவழி ஒன்று இருக்கிறது: ஸ்கை தீவுக்கும் ராசே தீவுக்கும் இடையே 2013 முதல் ஓடும் ஹாலெய்க் போல, டீசல் மின்னாக்கியும் இரவில் கரையில் ஏற்றிய மின்கலமும் சேர்ந்த கலப்புப் படகு. ராசேயில் இருநூறு பேர்கூட இல்லை. அப்படியொரு கலப்புப் படகு வருவதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. கொட்டலசு பிடித்த அடிப்பாகம் அதே வேகத்துக்குக் கூடுதல் டீசல் குடிக்கும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இயந்திரத்துக்கு வேண்டிய சக்தி கால்வாசிக்கு மேல் குறையும், பயணம் ஏழு நிமிடம்தான் நீளும். சுரண்டிய அடிப்பாகமும் நிதானமான ஓட்டமும் நெடுந்தீவின் முதல் பசுமைத் திட்டமாக இருக்கலாம். திறப்பு விழா நடத்த மட்டும் அதில் ஒன்றும் இல்லை.

காற்றை எந்த நிர்வாகமும் நிறுத்த முடியாது. சோளகம் முற்றிய நாளில் படகு கட்டிக் கிடப்பதே சரி. ஆனால் காற்றால் நின்ற நாள், பழுதால் நின்ற நாள், டீசல் இல்லாமல் நின்ற நாள், ஓட்டுநர் விடுப்பால் நின்ற நாள் எல்லாம் வெளியே ஒரே அறிவிப்பாக, சேவை இல்லை என்றே வருகின்றன. இவற்றைப் பிரித்து மாதந்தோறும் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டினால், யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தானே தெரியும். காற்றின் மேல் போட்டுவந்த பழியில் எவ்வளவு நிற்கும் என்பதும் தெரியும். இரண்டாவது, நேரம். படகு போகாது என்ற முடிவு பெரும்பாலும் துறையில் வந்து நிற்கிறவருக்குத்தான் தெரியவருகிறது. வானிலை எச்சரிக்கை முந்தின மாலையே வந்துவிடுகிறது. காலைப் படகு ஓடுமா ஓடாதா என்பதை இரவு எட்டு மணிக்குள் முடிவுசெய்து, தீவுக்காரர் எல்லோருடைய கைபேசிக்கும் குறுஞ்செய்தியாகவும், யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் 776 நிற்கும் இடத்தில் ஒரு கரும்பலகையில் சுண்ணக்கட்டியாலும் எழுதிவிடலாம்.